பந்தயச் சாலையும் பீங்கான் சூளையும்

24 மணி நேரம்! பகலிலே புறப்பட்டு, அந்தியைக் கண்டு, நள்ளிரவைக் கிழித்து, விடியலை எதிர்கொண்டு, மறுநாள் புறப்பட்ட அதே நாழிகை வரும் வரையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்கலாம், எரிபொருள் ஊற்றிக்கொள்ள, டயர் மாற்றிக்கொள்ள, களைத்தவர் இறங்கி அடுத்தவர் ஏறிக்கொள்ள. ஆனால் நிற்கும் நொடி ஒவ்வொன்றும் கணக்கிலே ஏறும். அத்தகைய நெடுநேரக் கார்ப் பந்தயம் ஒன்று 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11, 12 ஆகிய நாட்களில் துபாயிலே நடைபெற்றது. நடிகர் அஜித் குமார் தம் பெயரால் அமைத்த குழு அங்கே சென்று, தன் வகுப்பில் மூன்றாம் இடம் பெற்றுத் திரும்பிற்று. ஏடுகள் படம் வெளியிட்டன, இளைஞர்கள் துள்ளினர், கிரிக்கெட்டைத் தவிர வேறோர் ஆட்டம் பேசியறியாதவர்களும் தேநீர்க் கடைகளிலே கார்ப் பந்தயம் பேசத் தலைப்பட்டனர்.

முகஞ் சுளித்தோரும் உண்டு. உழைப்பவன் வயிறு காய்ந்து கிடக்கையில் உல்லாசக் கார் எதற்கு என்று கேட்டனர். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர்ச் சாலையிலே இரவுப் பந்தயம் நடத்தப்பட்டபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. உயர்நீதிமன்றத்தின் படியேறிய கேள்வி அது. கேட்டவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு வண்டியின் விலையிலே ஓர் ஊராட்சியின் ஆண்டுச் செலவு அடங்கிப்போகும் என்னும்போது, கேட்காமலிருப்பதுதான் வியப்பு!

விருத்தாசலத்துச் சூளையடியிலே நிற்கும் தொழிலாளி இன்னும் கூர்மையாகக் கேட்கக்கூடும்: "துபாயிலே எவரோ ஓட்டினார், எவரோ வென்றார், என் சூளையின் நெருப்பு ஆண்டுக்கு ஆண்டு அவிந்து வருகிறதே, அதைப்பற்றி எழுத உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையா?" என்று. அவருக்காகவேதான் இன்று எழுதுகிறோம். கார்ப் பந்தயத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம், ஆனால் அவருக்காக. அந்தப் பந்தயத்தின் பளபளப்பை விட்டுவிட்டு, அதன் விதிகளை எடுத்து விரித்துப் பார்த்தால், சூளைத் தொழிலாளி கேட்கவேண்டிய நியாயங்கள் பல அங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. கோடீசுவரர்கள் தம் விளையாட்டுக்கு எழுதிக்கொண்ட நியாயங்கள்! நாட்டின் தொழிலுக்கு மட்டும் அவை எழுதப்படவில்லை.

விதியென்ன, பார்ப்போம்.

இவ்வகைப் பந்தயங்களுக்கெல்லாம் மூத்தது பிரெஞ்சு நாட்டு லெ மான்ஸ் நகரத்துப் பந்தயம். 1923-இல் தொடங்கிற்று. சுற்று ஒன்றுக்கு 13.626 கிலோமீட்டர். 2025 ஜூன் திங்களில் அங்கே 62 வண்டிகள் புறப்பட்டன. வென்ற ஃபெராரி 387 சுற்றுகளைச் சுற்றிற்று. ஐயாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல்! குமரி முனையினின்று புறப்பட்டுக் காசுமீரத்தைத் தொட்டுவிட்டு, மீண்டு வரும் வழியிலும் பாதிக்கு நெருங்கிவிடும் தொலைவு. ஆனால் அந்த 62 வண்டிகளும் ஒரே தரத்தவை அல்ல. முன்னணி வண்டிகள் ஹைப்பர்கார் என்னும் வகுப்பு. பெருங் கம்பெனிகள் பெரும்பொருள் கொட்டிச் செய்தவை. அடுத்து எல்.எம்.பி.2 என்றோர் இடை வகுப்பு. மூன்றாவது எல்.எம்.ஜி.டி.3 என்பது, கடையிலே விற்கும் காரினின்று உருவானவை. முதல் வகுப்பு வண்டி ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்போது மூன்றாம் வகுப்பு வண்டி ஏறத்தாழ அரை நிமிடம் பின்னே நிற்கும். மணிக்கு மணி அது முந்தப்படும்; ஒரே இரவில் பல பத்து முறை முந்தப்படும்.

முந்தப்பட்டதால் தோற்றதாகுமா? ஆகாது. அதன் போட்டி அதன் வகுப்போடு. அவ்வகுப்பிலே முதலில் வந்தவனுக்கும் மேடை உண்டு, கோப்பை உண்டு, பெயர்ப் பட்டியலில் இடம் உண்டு. சாலை ஒன்று, வகுப்புப் பல. பெரியவன் சிறியவனை இடித்துத் தள்ளிவிட்டு, "வேகம் இல்லாதவனுக்குச் சாலையில் என்ன வேலை?" என்று கேட்க முடியாது. இடித்தால் தண்டனை.

துபாயிலே நடந்ததும் இதுவே. ஜனவரி 7-ஆம் நாள் பயிற்சியின்போது அஜித் குமார் ஓட்டிய வண்டி தடுப்பில் மோதிச் சிதைந்தது, அவர் தப்பினார். நெடுநேரப் பந்தயத்தின் கடுமையை எண்ணி, தம் குழுவின் போர்ஷே வண்டியை மற்ற ஓட்டுநர்களிடமே விட்டுவிட்டு, ஜி.டி.4 என்னும் வேகங் குறைந்த வகுப்பிலே வேறொரு குழுவின் வண்டியில் ஏறிக்கொண்டார். குழுவின் உரிமையாளர் ஒரு வகுப்பில், குழுவின் வண்டி மற்றொரு வகுப்பில், இரண்டும் ஒரே தடத்தில்! சொந்த வண்டி தம்மைத் தாண்டிச் செல்வதைப் பார்க்கும் பேறு எத்தனை முதலாளிகளுக்கு வாய்க்கும்?

வகுப்பைப் பிரித்ததோடு விதி நிற்கவில்லை. ஒரே வகுப்புக்குள்ளும் ஒரு கம்பெனியின் வண்டி மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாக விரைந்தால், அதன்மீது எடை ஏற்றுகிறார்கள். எஞ்சினின் ஆற்றலைக் குறைக்கிறார்கள். ஆற்றல் சமனாக்கம் என்பது அதன் பொருள். இன்னும் உண்டு. ஓட்டுநர்களைப் பிளாட்டினம், பொன், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். லெ மான்சிலே மூன்றாம் வகுப்பு வண்டி ஒவ்வொன்றிலும் வெண்கலத் தரத்தவர் ஒருவரேனும் இருந்தாக வேண்டும்! பெயருக்கு உட்கார்ந்தாற் போதாது; வகுத்த நேரம் அவர் ஓட்டியாக வேண்டும். 'தகுதி, திறமை' என்று நம் நாட்டிலே நாள்தோறும் மணியடிப்போர், வாரக் கடைசியிலே தொலைக்காட்சிமுன் அமர்ந்து இந்தப் பந்தயத்தைப் பார்த்துக் கை தட்டுகிறார்களே, அவர்களுக்கு இந்த விதியை எவரேனும் படித்துக் காட்டினார்களா? இடஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வோர், ஐரோப்பியச் சீமான்கள் எடுத்துக்கொண்ட இடஒதுக்கீட்டைக் கண் குளிரக் காண்கிறார்கள்!

மூன்றாவது விதி நேரத்தைப் பற்றியது. ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே ஓட்டக் கூடாது. 24 மணி நேரத்திலும் சேர்த்து 14 மணிக்கு மேல் கூடாது. இவ்விதியின் தேவையை உணர்த்தும் கதை ஒன்று உண்டு. 1952-இல் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் துணை ஓட்டுநருக்கு இடங்கொடுக்காமல், தாமே ஏறத்தாழ 23 மணி நேரம் ஓட்டினார். முதலிடத்தில் இருந்தார். முடிய ஒரு மணி நேரம் அளவே இருக்கையில் எஞ்சின் உடைந்தது. களைத்த கை தவறான கியரைப் போட்டது என்றனர் சிலர்; எஞ்சின் முன்பே நைந்திருந்தது என்றனர் வேறு சிலர். எப்படியாயினும் வெற்றி பெர்லின் சுவரைப் போல் இடிந்து விழுந்தது. அதே லெவே 1955 ஜூன் 11-இல் அதே சாலையில் ஓட்டிய வண்டி, மற்றொன்றின் மீது மோதிப் பறந்து, பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்தது. அவரும் மாண்டார்; எண்பதுக்கு மேற்பட்ட மக்களும் மாண்டனர். பந்தயச் சாலையின் பாதுகாப்பு விதிகள் பல, பிணங்களின்மீது எழுதப்பட்டவை.

நம்மவர் இருவருக்கும் லெ மான்ஸ் சாலையோடு உறவுண்டு. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2009-இல் பந்தயம் தொடங்குமுன் தோள்மூட்டு விலகியதால் ஏற முடியாது போயிற்று. உடன் வந்த இருவருமே பங்கிட்டு ஓட்டி முடித்தனர். சென்னையின் கருண் சந்தோக் 2012-இல் ஓடி, அவரது வண்டி ஆறாவதாக வந்தது. ஒருவன் வீழ்ந்தால் மற்றவர் தாங்குவது என்பது அங்கே ஏற்பாடு; அறம் என்று எவரும் அதற்குப் பெயர் சூட்டிக்கொள்வதில்லை.

இங்கே நம் நெடுஞ்சாலையில் ஓடும் லாரி ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். நாமக்கல்லிலே ஏறியவர் வடநாடு வரையில் இரவு பகல் பாராது ஓட்டுகிறார். நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே மோட்டார்த் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சட்டம் ஏட்டிலே, லாரி ரோட்டிலே! கோப்பை இல்லாத அந்த நெடுநேரப் பந்தயத்திலே, கண்ணயர்ந்த ஒரு நொடியில் எத்தனை குடும்பங்கள் சரிகின்றன! இதைத் தனியே ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத வேண்டும். இப்போது விருத்தாசலம் போவோம்.

கார்ப் பந்தயத்துக்கும் பீங்கான் ஊருக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். எஞ்சினைத் திறந்து பார்த்தால் தொடர்பு தெரியும். ஒவ்வொரு பெட்ரோல் எஞ்சினுக்குள்ளும் பொறி தட்டி நெருப்பு மூட்டுவது ஸ்பார்க் பிளக். உங்கள் மோட்டார் சைக்கிளிலே இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். நடுவிலே வெள்ளை வெளேரென்று ஒரு கழுத்து இருக்கும். அதுதான் பீங்கான். உள்ளே பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பாயும். வெளியே 2,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்ப வாயு மோதும். நொடிக்குப் பல பத்து முறை அடி விழும். மின்சாரத்தை ஒழுக விடாமல், வெப்பத்திலே வெடிக்காமல், அந்த வெள்ளைக் கழுத்து தாங்கி நிற்க வேண்டும். அது விரிசல் கண்டால் கோடி ரூபாய் வண்டியும் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான்.

1991-இல் லெ மான்சிலே வென்ற மஸ்தா வண்டியை மோட்டார்ப் பிரியர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய வண்டி அது. மற்ற எஞ்சின்களைப் போல் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவது அதில் இல்லை. முக்கோண வடிவான சுழலி ஒன்று அறைக்குள்ளே சுழலும். அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளும் சுவரை உராய்ந்துகொண்டே சுற்ற வேண்டும். உராயும் முனை தேய்ந்தால் எஞ்சின் செத்தது. அம்முனைகளுக்கு ஜப்பானியர் வைத்தது என்ன தெரியுமா? பீங்கான் இனத்தைச் சேர்ந்த அடைப்பான்! 24 மணி நேரம், 4,900 கிலோமீட்டருக்கு மேல், அது தேயாமல் தாங்கிற்று. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜானி ஹெர்பெர்ட் இறங்கியதும் மயங்கி விழுந்து, வெற்றி மேடைக்கே வர இயலாது போனார். மனிதன் மயங்கினான், பீங்கான் மயங்கவில்லை.

இத்தனைக்கும் மூலம் சூளை. சூளையென்றால் விருத்தாசலம்.

திருமுதுகுன்றம், பழமலை என்றெல்லாம் பழம்பெயர் பூண்ட ஊர். மணிமுத்தாற்றங்கரையில் கோயில், சென்னை – திருச்சிப் பாதையும் கடலூர், சேலம் பாதைகளும் கூடும் இரயில் சந்திப்பு, அருகே நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்காக 1956-இல் நிறுவனம் அமைத்து நெய்வேலியிலே நிலத்தைப் பிளந்தபோது, கரிக்கு மேலே கிடந்த மண்ணிலே வெண்களிமண்ணும் வந்தது. இப்படிக் களிமண், எரிபொருள், இரயில் மூன்றும் ஒருசேரக் கிடைத்த ஊர் தமிழகத்தில் வேறு எங்கே? அதனாலேதான் அங்கே பீங்கான் தொழிற்பேட்டை அமைந்தது. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அமைந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர்ப் பலகையிலே இருந்த வெள்ளைப் பியூஸ் கட்டை, கம்பத்திலே கம்பியைத் தாங்கிய பீங்கான் குமிழ், ஊறுகாய் ஜாடி, நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை என்று விருத்தாசலத்துச் சூளைகள் வெந்து தணிந்தன.

சூளையின் வேலையை அறியாதவர் அதை எளிது என்று எண்ணக்கூடும். வெண்களிமண்ணையும் பெல்ஸ்பார், குவார்ட்சுக் கற்பொடிகளையும் அளந்து கலந்து, நீர் சேர்த்து அரைத்துக் கூழாக்க வேண்டும். பிளாஸ்டர் அச்சிலே ஊற்ற வேண்டும். அச்சு நீரைக் குடிக்கும்; கூழ் சுவரோடு ஒட்டி இறுகும். மிச்சத்தைக் கவிழ்த்து, பொருளை எடுத்து, நிழலிலே உலர்த்தி, தையல் தெரியாமல் சீவி, மெருகுக் குழம்பிலே தோய்த்து, அடுக்க வேண்டும். இதுவரை கைத்திறன். இனிமேல்தான் பொறுமை. சூளையின் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி 1,200 டிகிரிக்கு மேலே கொண்டு செல்ல வேண்டும். விரைந்து ஏற்றினால் உள்ளே நின்ற ஈரம் ஆவியாகிப் பொருளை வெடிக்கச் செய்யும். விரைந்து இறக்கினால் விரிசல் விழும். உள்ளே வைத்த சிறு கூம்பு வளைந்து தலை சாய்வதைக் கண்டு வெப்பத்தின் பதம் அறிவார்கள். மூட்டிய பின் எழுந்து போக முடியாது. இரவோ பகலோ காவல் இருக்க வேண்டும். வேகமல்ல, சீர்தான் வெல்லும் என்பதை லெ மான்ஸ் ஓட்டுநன் படிக்கும் முன்பே படித்தவன் சூளைக்காரன்.

இந்தச் சூளைக்காரனை நாம் எந்தப் பந்தயத்தில் இறக்கிவிட்டோம்?

பியூஸ் கட்டையின் இடத்தை எம்.சி.பி. சுவிட்ச் பிடித்துக்கொண்டது. கம்பத்துப் பீங்கான் குமிழோடு ரப்பர் இனத்து இன்சுலேட்டர் போட்டியிடுகிறது. ஜாடியின் இடத்தில் பிளாஸ்டிக் டப்பா. ஓடு, தரைக்கல் என்றால் குஜராத்தின் மோர்பி. பொம்மை என்றால் சீனச் சரக்கு. காலம் மாறினால் பொருளும் மாறும். அதற்காகக் கண்ணீர் வடிப்பது அறிவுடைமையன்று. மாறும் காலத்திலே சிறியவன் மூச்சுவாங்க நேரமும் வகுப்பும் தரப்பட்டதா என்பதே நம் கேள்வி. சிறுதொழிலுக்கென்று சில பொருள்களை ஒதுக்கும் முறை 1967-இல் 47 பொருள்களோடு தொடங்கிற்று. பின்னர் எண்ணூறையும் தாண்டிற்று. தாராளமயம் வந்தபின் ஒவ்வொன்றாக உருவி, 2015 ஏப்ரலில் எஞ்சிய 20 பொருள்களையும் நீக்கி, பட்டியலையே மூடிவிட்டார்கள். அந்தப் பட்டியலிலே குறை இல்லை என்று நாம் வாதாட மாட்டோம். சிறியவன் வளர்ந்தால் சலுகை போய்விடுமே என்று வளராமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. ஆனால் குறையைத் திருத்துவது வேறு. வகுப்பையே அழித்துவிட்டு, ஐந்து பேர் வேலை செய்யும் சூளையையும் ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையையும் ஒரே கோட்டிலே நிறுத்திக் கொடியசைப்பது வேறு. லெ மான்சிலே அப்படிச் செய்தால் பார்வையாளரே கல்லெறிவார்கள்!

ஒரே ஒரு விதி எஞ்சியிருக்கிறது. மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் நான்கில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது அது. 2012-இல் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது, 2018-இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் வாங்குவோன் கேட்கும் பொருளைச் செய்யும் சூளை வேண்டுமே! பியூஸ் கட்டை மட்டுமே செய்யத் தெரிந்தவனிடம், பியூஸ் கட்டை வேண்டாதவன் எதை வாங்குவான்?

அங்கேதான் ஜப்பானை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கிறது. நகோயா நகரிலே 1904-இல் ஒரு பீங்கான் ஆலை தொடங்கப்பட்டது. சாப்பாட்டுத் தட்டு செய்வதற்காக! அமெரிக்கர் மேசைக்கேற்ற வெள்ளைத் தட்டு, வளையாமல் நெளியாமல் சூளையினின்று வர வேண்டும். வரவில்லை. ஆண்டுகள் உருண்டன. 1914-இல்தான் முழு விருந்துத் தட்டு வரிசை ஒன்று செய்து முடித்தார்கள். பத்தாண்டுகள்! நோரிடாகே என்று உலகம் அறிந்த பெயர் அது. அந்தத் தட்டு ஆலையினின்று 1919-இல் மின்கம்ப இன்சுலேட்டர் செய்யும் என்.ஜி.கே. நிறுவனம் பிரிந்தது. அந்த இன்சுலேட்டர் ஆலையினின்று 1936-இல் ஸ்பார்க் பிளக் நிறுவனம் பிரிந்தது. இன்று உலகச் சாலைகளில் எங்கு சென்றாலும் அப்பெயர் பொறித்த பிளக் உண்டு. தட்டு, குமிழ், பிளக் என்று மூன்று படிகள், முப்பத்திரண்டு ஆண்டுகள். முதற் படியிலும் இரண்டாம் படியிலும் விருத்தாசலம் கால் வைத்துவிட்டது. ஜாடி செய்தது, குமிழ் செய்தது. மூன்றாம் படிக்கு ஏணி வைக்கவில்லை நாம்.

மூன்றாம் படி எளிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளக்கின் கழுத்து களிமண் மட்டுமல்ல. நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு அளவுக்கு அலுமினா. அதை வேகவைக்க 1,600 டிகிரி வேண்டும். பியூஸ் கட்டைச் சூளை போதாது. அலுமினாவுக்கு எங்கே போவது? விருத்தாசலத்தினின்று இரயில் செல்லும் சேலத்துக்கு அப்பால், மேட்டூரிலே, ஏற்காட்டுப் பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்துக்கொண்டிருந்த ஆலை இருந்தது, அது நின்றுவிட்டது. ஆயினும் அலுமினாவையும் சிலிகன் கார்பைடையும் கொண்டு உயர்ந்த பீங்கான் செய்யும் நிறுவனம் தமிழகத்திலேயே உண்டு. 1954-இல் தோன்றிய கார்போரண்டம் யுனிவர்சல் அது. ஆகவே, அறிவு இல்லாத நாடல்ல இது. அறிவு ஓசூரிலே இருக்கிறது, சூளை விருத்தாசலத்திலே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே பாலமில்லை.

"மின்சாரக் கார் வந்துவிட்டதே, இனி பிளக் எதற்கு?" என்று கேட்கும் கெட்டிக்காரரும் உண்டு. கேட்கட்டும். மின்சாரக் காரின் மின்கலத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே பெரும் மின்னழுத்தம் பாய்கிறது. அங்கே கோளாறு நேர்ந்தால் நொடியில் அறுத்துவிடப் பியூஸ் வேண்டும். அந்தப் பியூசின் உடல் பெரும்பாலும் பீங்கான் குழாய். அதனுள்ளே நிரப்புவது குவார்ட்சு மணல்! மீட்டர்ப் பலகையை விட்டு விரட்டப்பட்ட பியூஸ், மின்சாரக் காரில் ஏறி ஊர்வலம் வருகிறது. சென்னையைச் சுற்றியும் ஓசூரைச் சுற்றியும் மின்சார வண்டிகள் செய்யும் ஆலைகள் எழுந்திருக்கையில், பியூஸ் கட்டைக்குப் பேர் போன ஊர் வாசலிலே நின்று வேடிக்கை பார்ப்பதா?

விருத்தாசலத்தைப் பற்றிப் புராணிகர் ஒரு கதை சொல்வர். சுந்தரர் இவ்வூரிலே பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றிலே போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்திலே எடுத்தாராம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழிக்கு அக்கதைதான் வேர். நாயனாருக்குக் குளத்தில் கிடைத்துவிட்டது. நாமோ மண்ணையும் மாணவரையும் இங்கே விட்டுவிட்டு, பிளக்கையும் பியூசையும் வெளிநாட்டுப் பெட்டியிலே தேடுகிறோம். விலை கொடுத்துத் தேடுகிறோம்.

என்ன வேண்டும் என்று திட்டமாகச் சொல்லாமல் அரற்றுவது நம் வழக்கமல்ல. பயிலகத்திலே ஆசிரியர் இருக்கிறார்கள், மாணவர் இருக்கிறார்கள். அங்கே 1,600 டிகிரி சூளை ஒன்றும், மின் தாங்குதிறனையும் வெப்பத் தாங்குதிறனையும் சோதித்துச் சான்று தரும் கூடமும் அரசு அமைக்க வேண்டும். தொழிற்பேட்டையின் சிறு உரிமையாளர் எவரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திக்கொள்ள அதன் கதவு திறந்திருக்க வேண்டும். சான்று இல்லாத சரக்கைக் கார்க் கம்பெனி கையால் தொடாது. மின்வாரியமும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் தாம் வாங்கும் பீங்கான் பாகங்களில் ஒரு பங்கை இவ்வூர்ச் சூளைகளுக்கென ஒதுக்கி, பத்தாண்டுக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தை நம்பி எவனும் புதுச் சூளை கட்டமாட்டான். நகோயாவுக்குத் தட்டு வளையாமல் வரவே பத்தாண்டு ஆயிற்று என்பதை நிதித்துறை அதிகாரிகள் ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

அத்தோடு இன்னொன்று, உரிமையாளர்களுக்குக் கசக்கும். பந்தய ஓட்டுநனுக்கு நெருப்புப் பற்றாத உடை, தலைக்கவசம், கழுத்துக் காப்பு, பக்கத்திலே மருத்துவர். குவார்ட்சுப் பொடியை அரைக்கும் தொழிலாளியின் மூக்குக்கு முன்னே என்ன இருக்கிறது? தோளில் கிடக்கும் துண்டு! அந்தத் தூசி நுரையீரலிலே படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயாகிறது; படிந்தபின் மருந்து இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. பட்டியலில் இருந்தது நோய். அறிவித்தவர் எத்தனை பேர்? அரசுப் பணம் பெற்று உயரும் சூளை, தூசி உறிஞ்சும் கருவியும் ஆண்டுக்கொரு மார்புப் படமும் இல்லாமல் ஒரு காசும் பெறக் கூடாது. பந்தயத்திலே பாதுகாப்புச் சோதனையில் தவறிய வண்டியைத் தடத்தில் விடுவதில்லை. கோடிக் கோடியாய்க் கொட்டியவன் வண்டியானாலும் விடுவதில்லை.

விருத்தாசலம் வட்டத்துத் தோழர்களுக்கு இவ்வாரம் வேலை உண்டு. தொழிற்பேட்டைக்குச் செல்லுங்கள். எத்தனை சூளை எரிகிறது, எத்தனை அணைந்தது, அணைந்தது எந்த ஆண்டு, எரிபொருள் விலையாலா, விற்பனை இன்மையாலா, கடன் கிடைக்காததாலா என்று வாசல் வாசலாகக் கேட்டு எழுதுங்கள். பயிலகத்திலே படித்து வெளிவந்தவர் உள்ளூரில் எத்தனை பேர், வெளியூர் சென்றவர் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். அரைக்கும் பிரிவிலே இருமுகிறவர்களைத் தனியே எண்ணுங்கள். கணக்கின் ஒரு படி கடலூர் மாவட்டத் தொழில் மையத்துக்கும், மற்றொன்று மின்வாரியத்தின் கொள்முதல் பிரிவுக்கும், மூன்றாவது நம் அலுவலகத்துக்கும் வரட்டும்.